பக்கத்தில் இருப்பது மட்டும் போதுமா? வரைபட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று விழும் பரப்புகளும் புள்ளிகளும்



கணினியில் வரைபடம் தயாரிப்பவர்கள் அன்றாடம் செய்கிற ஒரு வேலையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஒரு பக்கம் பரப்புகள் இருக்கின்றன: ஒரு பள்ளியின் சுற்றெல்லை, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணிப்பகுதி, ஒரு குடிநீர்க் குழாய்த் தொகுதி பாயும் பகுதி. இன்னொரு பக்கம் புள்ளிகள் இருக்கின்றன: வீடுகள், கிணறுகள், மருத்துவமனைகள், பேருந்து நிறுத்தங்கள். எந்தப் பரப்புக்கு எந்தப் புள்ளி உரியது என்று மென்பொருள் இணைத்துக் கொடுக்க வேண்டும். மாவட்ட எல்லை, வட்ட எல்லை போலப் பரப்புகள் தனித்தனியே நிற்கும்வரை இதில் சிக்கல் இல்லை. ஒரு வீடு ஒரு மாவட்டத்தில்தான் இருக்கும். பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதுதான் கேள்வி எழுகிறது. ஒரே வீடு மூன்று பள்ளிகளின் எல்லைக்குள் வருகிறது. ஒரே சிற்றூரை இரண்டு சுகாதார நிலையங்கள் எட்டுகின்றன. அந்த இடத்தில் பெரும்பாலோர் மென்பொருளிடம் ‘மிக அருகில் இருப்பது எது’ என்று கேட்டு, வருகிற ஒற்றை விடையை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்பதே என் வாதம். பரப்புகள் மேல்விழும் இடத்தில் முதலில் எல்லாத் தொடர்புகளையும் பதிந்துகொள்ள வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இருந்தால், அந்தத் தேர்வை அடுத்த படியாக, வெளிப்படையாக எழுதிய ஒரு விதியின்படி செய்ய வேண்டும். அந்த விதி நாம் ஆராயும் பொருளிலிருந்து பிறக்க வேண்டும். தொலைவு கணக்கிடும் கருவியிலிருந்து பிறக்கக் கூடாது.

முதலில் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் இட அடிப்படையில் பண்புகளை இணைக்கும் கருவி மூன்று வழிகளை முன்வைக்கிறது. பொருந்துகிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசையை உண்டாக்குவது ஒன்று. முதலில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொள்வது இரண்டாவது. அதிகப் பரப்பில் மேல்விழுவதை மட்டும் எடுத்துக்கொள்வது மூன்றாவது. ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருளின் ஸ்பேஷியல் ஜாயின் கருவி, நாம் மாற்றாவிட்டால், ஒன்றுக்கு ஒன்று என்ற முறையிலேயே வேலை செய்யும். மிக அருகில் உள்ளதைக் கேட்கும்போது இரண்டு பொருள்கள் ஒரே தொலைவில் இருந்தால், ஏதோ ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். இவை மென்பொருளின் குறைகள் அல்ல. ஏதாவது ஒன்றைக் கொடு என்று கேட்டதற்கு அது ஒன்றைக் கொடுத்திருக்கிறது. ஆனால் முதலில் கிடைத்தது என்பதற்கு வெளியுலகில் எந்தப் பொருளும் இல்லை. அட்டவணையில் வரிசைகள் அடுக்கப்பட்ட ஒழுங்கு மாறினால் விடையும் மாறும். ஒரு குழந்தை எந்தப் பள்ளிக்கு உரியது என்பதைக் கோப்பின் வரிசை எண் தீர்மானிக்கிறது என்றால், அந்த வரைபடத்தை நம்பி எந்த முடிவையும் எடுக்க முடியாது.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் தொலைவு என்ற கருத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு புள்ளிக்கும் ஒரு பரப்புக்கும் இடையிலான தொலைவை, அந்தப் புள்ளியிலிருந்து பரப்பின் மிகக் கிட்டிய இடத்துக்கு உள்ள தூரமாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. புள்ளி பரப்புக்குள் இருந்தால் தொலைவு சுழியம். போஸ்ட்ஜிஐஎஸ் உட்பட இத்துறையில் புழங்கும் தரவுத்தளங்கள் இப்படித்தான் கணக்கிடுகின்றன. கணித அளவில் அதுதான் சரி. ஆனால் மூன்று பரப்புகள் மேல்விழும் இடத்தில் ஒரு வீடு இருந்தால், மூன்றுக்கும் அதன் தொலைவு சுழியமே. அருகில் இருப்பது எது என்ற கேள்வி அங்கே பொருளிழந்துவிடுகிறது. எந்த இடத்தில் நமக்குத் தீர்ப்பு தேவையோ அந்த இடத்தில்தான் தொலைவு என்ற அளவுகோல் ஊமையாகிறது. இதைத் தவிர்க்கச் சிலர் பரப்பின் மையப்புள்ளியை எடுத்து, அதிலிருந்து தூரம் அளக்கிறார்கள். பிறைபோல் வளைந்த பரப்புக்கு மையப்புள்ளி பரப்புக்கு வெளியிலேயே விழக்கூடும். ஆற்றை ஒட்டி நீண்டுகிடக்கும் ஒரு பணிப்பகுதியின் நடுப்புள்ளிக்கும், அதன் கோடியில் வாழ்பவருக்கும் நடைமுறையில் எந்த உறவும் இருக்காது. பெரிய பரப்பின் மையம் பெரும்பாலும் தொலைவில் இருக்கும் என்பதால், இந்த முறை காரணமே இல்லாமல் சிறிய பரப்புகளுக்குச் சாதகமாகச் சாயும்.

அளக்கும் அலகும் நம்மை ஏமாற்றும். அட்சரேகை, தீர்க்கரேகைகளை அப்படியே வைத்துக்கொண்டு தொலைவு கேட்டால், கணினி பாகையில் விடை சொல்லும். சென்னையின் அட்சத்தில் ஒரு பாகைத் தீர்க்கரேகை சுமார் 108 கிலோமீட்டர். ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். வேறுபாடு சிறியது என்பதால் தவறு கண்ணில் படாது. லண்டனின் அட்சத்தில் ஒரு பாகைத் தீர்க்கரேகை சுமார் 69 கிலோமீட்டர்தான். அங்கே பாகையில் அளந்தால் கிழக்கு மேற்காக இருக்கும் எதுவும் உண்மையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் தூரமாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது எது என்ற விடையே புரண்டுவிடும். மீட்டரில் அளக்கும் தள அமைப்புக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி. அதிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு கவனம் தேவை. உலகளாவிய யூடிஎம் பகுப்பில் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை இரண்டு மண்டலங்களைப் பிரிக்கிறது. கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்திலும் சென்னை 44ஆம் மண்டலத்திலும் வருகின்றன; இரண்டு மண்டலங்களின் ஆயங்களைக் கலந்து தொலைவு அளக்கக் கூடாது. இவை திருத்தக்கூடிய தொழில்நுட்பப் பிழைகள். இவற்றையெல்லாம் திருத்திய பிறகும் என் கேள்வி நிற்கிறது: மிகச் சரியாக அளந்த அருகாமைகூட உண்மையான தொடர்பைச் சொல்லிவிடுமா?

இதற்கான சான்று கணினிக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முந்தியது. 1854 ஆகஸ்ட் 31 இரவு லண்டனின் சோஹோ பகுதியில் காலரா மூண்டது. பத்து நாட்களில் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் தெருவில் இருந்த ஓர் அடிபம்பைச் சந்தேகித்தார். செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. மரணங்களைக் கறுப்புக் கோடுகளாகவும் அடிபம்புகளைப் புள்ளிகளாகவும் குறித்த அவருடைய வரைபடம் இன்று பல பாடநூல்களில் இருக்கிறது. அந்த வரைபடத்தின் திருத்திய பதிப்பில் ஸ்னோ ஒரு கோட்டையும் வரைந்தார். பிராட் தெரு அடிபம்புக்கும் சுற்றியுள்ள மற்ற அடிபம்புகளுக்கும் தெருவழியே நடக்கும் தொலைவு சமமாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. இன்று வொரோனோய் பகுப்பு என்று நாம் சொல்வதை, நேர்கோட்டுத் தொலைவுக்குப் பதிலாக நடைத்தொலைவால் அவர் அப்போதே செய்துவிட்டார். மரணங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குள் விழுந்தன. அருகாமையின் வெற்றி என்று இதைச் சொல்லித்தருவது வழக்கம்.

ஆனால் ஸ்னோவின் எழுத்தைப் படிப்பவர்களுக்கு வேறொன்று தெரியும். முதலில் அவர் எடுத்துக்கொண்ட 83 மரணங்களில், வேறொரு தெரு அடிபம்புக்கு நிச்சயமாக அருகில் இருந்த வீடுகளில் நிகழ்ந்தவை 10. மென்பொருளிடம் கொடுத்திருந்தால் அந்தப் பத்தும் வேறு அடிபம்புகளின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். ஸ்னோ அந்த வீடுகளுக்கே போய் விசாரித்தார். ஐந்து குடும்பத்தார், பக்கத்து அடிபம்பின் தண்ணீரைவிடப் பிராட் தெருத் தண்ணீரே பிடிக்கும் என்பதால் எப்போதும் அங்கிருந்துதான் எடுத்துவரச் செய்வோம் என்றார்கள். இன்னும் மூன்று மரணங்கள், அந்த அடிபம்பின் அருகில் இருந்த பள்ளிக்குப் போய்வந்த குழந்தைகளுடையவை. மறுபுறம், அடிபம்புக்கு மிக அருகிலேயே இருந்தும் தப்பியவர்கள் இருந்தார்கள். போலந்து தெருவின் ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தார்கள். காலராவில் இறந்தவர்கள் 5 பேர் மட்டுமே. அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையின் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. அவர்கள் அந்த அடிபம்பை நாடவே இல்லை. ஹாம்ஸ்டெட்டில், சோஹோவிலிருந்து வெகுதொலைவில் வாழ்ந்த ஒரு முதிய விதவை இறந்தார். அவருக்குப் பிராட் தெருத் தண்ணீர் நாள்தோறும் வண்டியில் போய்க்கொண்டிருந்தது. அருகாமை மட்டும் இருந்திருந்தால் ஸ்னோவின் வாதம் ஓர் ஊகமாகவே நின்றிருக்கும். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பியவர்களும் அதே வரைபடத்தைக் காட்டி, கெட்ட காற்றும் அங்கேதான் மையம் கொண்டது என்று சொல்லியிருக்கலாம். அருகில் இருந்தும் தப்பியவர்களும், தொலைவில் இருந்தும் இறந்தவர்களும்தான் தண்ணீரைக் குற்றவாளி ஆக்கினார்கள். அருகாமை பொய்த்த இடங்களில்தான் உண்மை வெளிப்பட்டது.

பரப்புகள் மேல்விழும் சிக்கலுக்கு இன்னும் நேரடியான சான்று அதே ஆண்டில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் கிடைத்தது. தென் லண்டனுக்குக் குடிநீர் வழங்கிய இரண்டு நிறுவனங்கள் சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால், லாம்பெத் ஆகியவை. போட்டிக் காலத்தில் இரண்டும் ஒரே தெருக்களில் குழாய் பதித்திருந்தன. பரந்த ஒரு வட்டாரத்தில் ஒரு வீட்டில் ஒரு நிறுவனத்தின் தண்ணீரும், அடுத்த வீட்டில் மற்றதன் தண்ணீரும் வந்தன. இன்றைய வரைபட மொழியில் சொன்னால், அந்த வட்டாரத்தில் இரண்டு வழங்கல் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகிடந்தன. ஒவ்வொரு பரப்பும் ஆற்றில் தண்ணீர் எடுக்கும் ஒரு புள்ளியோடு இணைந்திருந்தது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் நிறுவனம், நகரக் கழிவு கலக்கும் பாட்டர்சீயில் எடுத்தது. லாம்பெத் நிறுவனமோ 1852இல் தன் எடுப்பிடத்தை மேலே, கழிவுநீர் ஓட்டத்துக்கு அப்பால், தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது. வருமானம், தொழில், காற்று, வீட்டின் உயரம் எல்லாம் ஒன்றாக இருந்தும் தண்ணீர் மட்டும் வேறுபட்ட அண்டை வீடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஸ்னோ இதை மாபெரும் சோதனை என்று கருதியதற்குக் காரணம் இந்த மேல்விழுதல்தான்.

அவர் என்ன செய்தார்? மரணம் நிகழ்ந்த வீடுகளை ஒவ்வொன்றாக விசாரித்து, எந்த நிறுவனத்தின் தண்ணீர் என்று பதிந்தார். குடியிருப்பவருக்கே தெரியாத இடங்களில் தண்ணீரின் உப்பை வைத்துக் கண்டுபிடித்தார். பாட்டர்சீ தண்ணீரில் லாம்பெத் தண்ணீரில் இருந்ததைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு உப்பு இருந்தது. வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. நோயின் முதல் ஏழு வாரங்களுக்கு அவர் தந்த அட்டவணை இது: சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் 40,046 வீடுகளில் 1,263 மரணங்கள், லாம்பெத் நிறுவனத்தின் 26,107 வீடுகளில் 98 மரணங்கள். பத்தாயிரம் வீடுகளுக்கு முன்னதில் 315, பின்னதில் 37. இப்போது இதே தரவை, ‘ஒவ்வொரு வீட்டையும் மிக அருகில் உள்ள எடுப்பிடத்தோடு இணை’ என்ற கட்டளையோடு நம் மென்பொருளிடம் கொடுத்துப் பாருங்கள். அந்தத் தென் லண்டன் தெருக்களுக்குப் பாட்டர்சீதான் பக்கம். தேம்ஸ் டிட்டன் பல மைல் தள்ளி இருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் வீடுகளும் பாட்டர்சீயின் கணக்கில் சேர்ந்துவிடும். 66,153 வீடுகளில் 1,361 மரணங்கள் என்று ஆகி, பத்தாயிரத்துக்கு 206 என்ற ஒரே எண் வரும். 315க்கும் 37க்கும் இடையில் இருந்த உயிர் வேறுபாடு முழுவதும் அந்த 206க்குள் புதைந்துபோகும். அளவையில் ஒரு மீட்டர்கூடப் பிசகாத வரைபடமாக அது இருக்கலாம். ஆனாலும் மருத்துவ வரலாற்றின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்றை அது அழித்திருக்கும்.

இப்படிச் சொல்வதால் அருகாமையை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது சரியாகப் பொருந்தும் துறைகள் உண்டு. அமெரிக்க வானிலையாளர் ஆல்ஃப்ரட் தீசன் 1911இல் ஒரு வழி சொன்னார்: ஒரு வட்டாரத்தின் சராசரி மழையைக் கணக்கிட, ஒவ்வொரு மழைமானிக்கும் அதற்கு மிக அருகில் உள்ள நிலத்தை ஒதுக்கிவிடலாம். இன்றும் நீர்வள ஆய்வில் தீசன் பலகோணங்கள் புழக்கத்தில் உள்ளன. அங்கே பரப்புகள் மேல்விழுவதே இல்லை. ஒவ்வொரு துண்டு நிலமும் ஒரே மானிக்கு உரியது. அது நியாயமானதும்கூட. நிலத்துக்கு விருப்பம் கிடையாது; பக்கத்து மானியைப் பிடிக்கவில்லை என்று அது அடுத்த மானியைத் தேடிப் போவதில்லை. மனிதர்கள் போகிறார்கள். எந்தப் பள்ளியில் ஆசிரியர் நன்றாகச் சொல்லித்தருகிறார், எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது, எந்த வழியில் பேருந்து வருகிறது என்று பார்த்துப் போகிறார்கள். மனிதர்களின் போக்குவரவைக் குறிக்கும் பரப்புகள் மேல்விழுந்துதான் தீரும். மழைமானிக்குப் பொருந்திய முறையை மருத்துவமனைக்கும் அப்படியே பொருத்துவதுதான் தவறு.

அந்தத் தவறு எவ்வளவு பெரிது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். இரண்டு மருத்துவ நிலையங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் இரண்டு மருத்துவர்கள், இரண்டாவதில் மூன்று மருத்துவர்கள். முதல் ஊரில் 4,000 பேர். அவர்கள் முதல் நிலையத்துக்கு மட்டும் போக முடியும். நடு ஊரில் 6,000 பேர். அவர்களுக்கு இரண்டு நிலையங்களும் எட்டும். மூன்றாவது ஊரில் 6,000 பேர்; அவர்களுக்கு இரண்டாவது நிலையம் மட்டுமே. நடு ஊரை ‘மிக அருகில்’ என்ற விதிப்படி முதல் நிலையத்தோடு இணைத்தால், அந்த நிலையத்தில் பத்தாயிரம் பேருக்கு 2 மருத்துவர்கள், இரண்டாவதில் பத்தாயிரத்துக்கு 5 என்று வரும். முதல் ஊர் மிகவும் பின்தங்கிய ஊராகத் தெரியும். நடு ஊரின் புள்ளி சில மீட்டர் நகர்ந்து இரண்டாவது நிலையத்துக்குப் பக்கமாகிவிட்டால் எல்லாம் தலைகீழாகும். முதல் நிலையத்தில் பத்தாயிரத்துக்கு 5, இரண்டாவதில் 2.5. அதே முதல் ஊர் இப்போது எல்லா ஊர்களையும்விட வசதியான ஊராகிவிடும். ஒரு மருத்துவரும் கூடவில்லை, ஒரு நோயாளியும் குறையவில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்ந்தது, அவ்வளவுதான். இந்த எண்ணை வைத்து அடுத்த மருத்துவரை எங்கே நியமிப்பது என்று முடிவு செய்தால், அந்த முடிவின் பலன் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

மேல்விழுதலை மறைக்காத ஒரு முறையை வெய் லுவோ, ஃபாஹுய் வாங் ஆகிய இரு புவியியலாளர்கள் 2003இல் சிகாகோ வட்டாரத்தின் மருத்துவ வசதியை ஆராய்ந்தபோது செம்மைப்படுத்தினார்கள். இரண்டு படிகள் கொண்ட மிதக்கும் எல்லை முறை என்று அதைச் சொல்லலாம். முதல் படியில், ஒவ்வொரு நிலையமும் தன்னை எட்டக்கூடிய எல்லா மக்களையும் கணக்கில் எடுக்கிறது. மேல்விழுவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நம் கணக்கில் முதல் நிலையத்துக்கு 10,000 பேர், எனவே பத்தாயிரத்துக்கு 2. இரண்டாவதற்கு 12,000 பேர், எனவே பத்தாயிரத்துக்கு 2.5. இரண்டாவது படியில், ஒவ்வோர் ஊரும் தனக்கு எட்டும் எல்லா நிலையங்களின் விகிதங்களையும் கூட்டிக்கொள்கிறது. முதல் ஊருக்கு 2, நடு ஊருக்கு 4.5, மூன்றாவது ஊருக்கு 2.5. இரண்டு கதவுகள் திறந்திருக்கும் ஊர் உண்மையில் வசதியான ஊர் என்பது இப்போது தெரிகிறது. ஒவ்வோர் ஊரின் மக்கள்தொகையையும் அதன் விகிதத்தால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: 0.8, 2.7, 1.5, மொத்தம் சரியாக 5 மருத்துவர்கள். எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புள்ளி சில மீட்டர் நகர்ந்தாலும், எட்டும் எல்லைக்குள் இருக்கும்வரை விடை மாறாது.

இங்கே முதல் எதிர்வாதத்துக்கு விடை கிடைத்துவிடுகிறது. தொடர்புகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடுவோமே என்று புள்ளியியலாளர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானது. ஒரு வீடு மூன்று பரப்புகளில் வந்தால், இணைத்த அட்டவணையில் அந்த வீடு மூன்று வரிசையாக நிற்கும். யோசிக்காமல் கூட்டினால் மக்கள்தொகை பெருகிவிடும். ஆனால் அந்தப் பிழை கூட்டும்போது பிறக்கிறது, இணைக்கும்போது அல்ல. ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு பங்கு எண் கொடுத்து, ஒரு வீட்டின் பங்குகள் எல்லாம் சேர்ந்தால் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மொத்தம் பிசகாது. மொத்தம் மட்டும் வேண்டுமென்றால் வீட்டு எண்ணைத் தனித்தனியாக ஒருமுறை எண்ணச் சொல்லலாம். எண்ணும்போது வரக்கூடிய ஒரு தவறைத் தவிர்ப்பதற்காக உண்மையான தொடர்புகளைத் தரவிலிருந்தே அழித்துவிடுவது நியாயம் ஆகாது. அழித்ததைத் திரும்பப் பெற முடியாது. தவறாகக் கூட்டியதைத் திருத்திக் கூட்ட முடியும்.

இரண்டாவது எதிர்வாதம் நிர்வாகத்தின் பக்கமிருந்து வருகிறது. எல்லோருக்கும் உரியது யாருக்கும் உரியதல்ல. தடுப்பூசி போடாத குழந்தைக்கு எந்தச் செவிலியர் பொறுப்பு என்று ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற நம் நாட்டு நெறிமுறையின் உள்நோக்கமே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பதுதான். ஆனால் பொறுப்பு வேறு, பயன்பாடு வேறு. யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஒரு விதிப்படி ஒருவரிடம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மக்கள் உண்மையில் எங்கே போகிறார்கள் என்பதை அதே பத்தியில் எழுதிப் புதைக்கக் கூடாது. பொறுப்புக்கு ஒரு பத்தி, எட்டும் தொடர்புகளுக்குத் தனி அட்டவணை என்று இரண்டையும் வைத்துக்கொண்டால், நிர்வாகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சண்டை இல்லை. பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் விதியும் எழுத்தில் இருக்க வேண்டும்: முதலில் வருவாய்க் கிராமம், அடுத்து சாலை வழித் தொலைவு, அதுவும் சமமானால் நிறுவப்பட்ட ஆண்டு என்பதுபோல. மேல்முறையீடு செய்யும் குடிமகனுக்கு அந்த விதியைக் காட்ட முடியும். மென்பொருள் அப்படிச் சொன்னது என்பது பதில் ஆகாது.

சட்டமே மேல்விழுதலை ஏற்றுக்கொண்டதற்கு நம் கண்முன் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010ஆம் ஆண்டு மத்திய விதிகள், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையான குழந்தைகளுக்கு ஒரு கிலோமீட்டர் நடைத்தொலைவிலும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் நடைத்தொலைவிலும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. நகரத்தில் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் ஒரு கிலோமீட்டருக்குப் பஃபர் வரைந்தால் வட்டங்கள் அடுக்கடுக்காக மேல்விழும். ஒரு குழந்தையின் வீடு ஐந்து வட்டங்களுக்குள் வரலாம். அந்தக் குழந்தைக்கு ஐந்து பள்ளிகளும் அக்கம்பக்கப் பள்ளிகளே. மிக அருகில் உள்ளது மட்டுமே அக்கம்பக்கம் என்று இணைத்துவிட்டால், மற்ற நான்கு பள்ளிகளிலும் விண்ணப்பிக்கும் வாய்ப்பை ஒரு கணினிக் கட்டளை பறித்ததாகும். விதி நடைத்தொலைவு என்று சொல்வதையும் கவனிக்க வேண்டும். பஃபர் வட்டம் பறவைக்குப் பொருந்தும். இடையில் ரயில் பாதையோ ஆறோ குறுக்கிட்டால் வட்டத்துக்குள் இருக்கும் பள்ளியும் ஆறு வயதுக் குழந்தைக்கு எட்டாத பள்ளிதான். ஸ்னோ 1854இல் தெருவழித் தொலைவை அளந்து கோடு வரைந்தார். சாலை வலைப்பின்னல் தரவு கையில் இருக்கும் நாம் நேர்கோட்டோடு நின்றுவிடுவதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது. ஸ்னோ வீடு வீடாகப் போனார்; ஒரு கோடி வீடுகளுக்கு யார் போவது? யார் எங்கே போகிறார்கள் என்ற தரவு இல்லாதபோது அருகாமையை விட்டால் வேறு வழி என்ன? தரவு இல்லாத இடத்தில் அருகாமையும் ஒரு சான்றுதான் என்பதை ஏற்கிறேன். 83இல் 73 மரணங்கள் அருகாமையோடு ஒத்துப்போயின. ஆனால் சான்று என்பது வேறு, தீர்ப்பு என்பது வேறு. 1960களில் டேவிட் ஹஃப், கடைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களைக் கணிக்க ஒரு முறை தந்தார். ஒவ்வொரு கடையின் ஈர்ப்பையும் தொலைவையும் சேர்த்து, ஒரு வீட்டார் அந்தக் கடைக்குப் போகும் நிகழ்தகவை அது சொல்லும். முதல் கடைக்கு 0.6, இரண்டாவதற்கு 0.3, மூன்றாவதற்கு 0.1 என்று வந்தால், அந்த மூன்று எண்களையும் வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் உண்மையான வருகைப் பதிவேடு கிடைத்தால் அவற்றைத் திருத்தலாம். முதல் கடை என்று மட்டும் எழுதிவிட்டால், திருத்துவதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது. மதிப்பீட்டை மதிப்பீடு என்றே குறித்துவைப்பது அறியாமையை ஒப்புக்கொள்ளும் நேர்மை. அதை ஒற்றை விடையாக எழுதுவது அறியாமையை அறிவாகக் காட்டுவது.

தரவு பெருகி மென்பொருள் திணறும் என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1984இல் அன்டோனின் கட்மன் முன்வைத்த ஆர்-மரம் என்ற தேடல் அடைவு முறை, ஒவ்வொரு பரப்பையும் அதைச் சூழும் செவ்வகத்தால் முதலில் சல்லடையிட்டு, தொடர்பே இல்லாதவற்றைத் தொடாமலே விலக்கிவிடுகிறது. எட்டும் தூரத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்தால், ஒரு வீட்டுக்கு நான்கைந்து தொடர்புகளுக்கு மேல் பெரும்பாலும் வராது. இன்றைய சாதாரண மடிக்கணினியே ஒரு மாவட்டத்தின் வீடுகளை இப்படி இணைத்துவிடும்.

ஆகவே இத்துறையில் வேலை செய்யப்போகும் மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இணைக்கத் தொடங்கும் முன் மீட்டரில் அளக்கும் தளத்துக்கு மாறுங்கள். பரப்புகள் எங்கெல்லாம், எத்தனை அடுக்காக மேல்விழுகின்றன என்று தனியாக ஒரு வரைபடம் போடுங்கள். எத்தனை புள்ளிகள் அந்த இடங்களில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுக்குப் பல என்ற முறையில் இணைத்து, புள்ளியின் எண், பரப்பின் எண், உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, சாலை வழித் தொலைவு, பங்கு ஆகியவற்றைக் கொண்ட தொடர்பு அட்டவணையை உருவாக்குங்கள். அதுதான் உங்கள் மூலத் தரவு. ஒற்றை விடை தேவைப்படும்போது அந்த அட்டவணையிலிருந்து, எழுதிவைத்த விதிப்படி எடுங்கள். விதியை மாற்றினால் எத்தனை புள்ளிகள் இடம் மாறுகின்றன என்று பார்த்து, அந்த எண்ணையும் வரைபடத்தின் கீழே அச்சிடுங்கள். பத்தாயிரத்தில் ஐம்பது மாறினால் அமைதியாக இருக்கலாம். மூவாயிரம் மாறினால் அந்த வரைபடம் இன்னும் முடிவெடுக்கத் தயாராகவில்லை என்று பொருள்.

இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்கலாம். எல்லைகள் மேல்விழும் இடத்தில் வாழ்பவர்களில் ஊரின் ஓரங்களில், இரண்டு நிர்வாகங்களின் இடுக்கில் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிடுவதால் கோப்பு ஒழுங்காகிவிடும். அவர்களுடைய நிலைமை ஒழுங்காகிவிடாது. மென்பொருள் தரும் ஒற்றை விடைக்குப் பின்னால் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. அந்தத் தேர்வை யாரும் செய்யாமலே அது நடந்துவிடுகிறது என்பதுதான் ஆபத்து. தேர்வைச் செய்தது நாம், இந்தக் காரணத்துக்காகச் செய்தோம், வேண்டுமானால் மாற்றலாம் என்று சொல்லக்கூடிய வரைபடமே பொதுமக்களின் வாழ்வைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் வைக்கத் தகுந்தது. அப்படிப்பட்ட வரைபடங்களை உருவாக்குவதற்கான கருவி ஒவ்வொரு மாணவரின் கணினியிலும் இருக்கிறது. கேள்வியைச் சரியாகக் கேட்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது.